போய்த் திரும்பும் தூரம்

அத்தியாயம் 11

போன வாரம் காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு அப்படியே நிறுத்தியிருந்தோம். கார் ஒரு வாரமாகப் பள்ளத்திலேயே கிடக்கிறதோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அன்றைக்கே தூக்கிவிட்டார்கள். முன்பக்க இடது சக்கரம் மட்டும்தான் போனது. டயர் கிழிந்தது. உள்ளே இருந்த அலாய் வீலும் நெளிந்து, ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது.

பள்ளத்தின் மேல் குற்றம் இல்லை. அது மாதக்கணக்கில் அதே இடத்தில்தான் இருக்கிறது. நம் கண்ணாடிக்காரன் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவான். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "எனக்கு அந்த வேலை கிடைச்சிருச்சு" என்றாள். அவன் ரோட்டை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான்.

ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், கண்ணெதிரே இருந்த பள்ளத்தில் காரை விட்டானாம் என்று தெருவே சிரித்து ஓய்ந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் மூன்றே பேர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரன் ஒருவன். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் அவன் மனைவி இரண்டாவது ஆள். அவளுக்குக் கணவன் வைத்த பெயர் கால்குலேட்டர். எதையும் மனசுக்குள் கணக்குப் போடாமல் வாயைத் திறக்க மாட்டாள்; போட்ட கணக்கு இதுவரை தப்பியதும் இல்லை.

மூன்றாவது ஆள் அவன் அம்மா. தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரு வீட்டு மீட்டரைப் பார்த்தால் போதும், அங்கே விருந்தாளி வந்திருக்கிறார்களா, புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு அறையில் ஃபேன் போட்டுப் படுக்கிறார்களா என்பதுவரை சொல்லிவிடுவாள். ஆனால் சொல்ல மாட்டாள். அந்த வேலையில் அது முக்கியம்.

வீட்டுக்கு எலெக்ட்ரிக் கார் வந்ததிலிருந்து மீட்டரம்மாவுக்கு ஓய்வு போய் மறுபடி உத்தியோகம் வந்துவிட்டது. சாயங்காலம் கார் தெருமுனையில் திரும்பும்போதே சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்பாள். கார் நின்றதும் முதல் கேள்வி, "எவ்வளவு மிச்சம்?"

பேட்டரியில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று அர்த்தம். பதில் வந்தால்தான் கதவே திறக்கும்.

*

புது வேலை மலைக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியில். லேபுக்கே அவள்தான் பொறுப்பு. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். தங்குவதற்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஓர் அறை தருகிறார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இதைச் சொன்னபோது கண்ணாடிக்காரன் சிரித்தான்.

"ரூம் எதுக்கு? கார் எதுக்கு இருக்கு? காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாமே!"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவன் வழக்கம். எடுத்துக்கொண்டான்.

அவன் சொன்னதும் தப்பில்லை. ஒரு தடவை முழுக்கச் சார்ஜ் போட்டால் அந்தக் கார் மலை ஏறி இறங்கி, அதே நாளில் திரும்பி ஏறி இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரும். அந்தப் பக்கம் சார்ஜ் போட இடம் கிடையாது. கட்டப்போகிறார்கள் என்று பலகை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் இந்தச் சக்கரத்தில் வந்தது. கம்பெனி வீல் கையிருப்பில் இல்லை, வர மாதங்கள் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். டயர்க்கடையில் இரவல் கொடுத்த ஒற்றைச் சக்கரத்தோடு எத்தனை நாள் ஓட்டுவது? வெளியிலிருந்து நான்கும் ஒரே செட்டாக வாங்கிப் போடுவது என்று முடிவானது.

அப்படி முடிவானதில் கண்ணாடிக்காரனுக்குள் ஒரு மூலையில் விளக்கு எரிந்தது. ஏனென்றால் அவனுக்கு ஒரு நெடுநாள் ஆசை. கன்னங்கரேலென்று, ஐந்து கம்பி வைத்து, நல்ல பெரிய வீல். அவன் போனைத் திறந்தால் முன்பு மனைவி படம் இருக்கும். கார் வந்த பிறகு அந்த வீலின் படம் இருக்கிறது. அவளும் பார்த்தாள், கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கடைக்கு லீவு விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றவனை மீட்டரம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாலு டயர் வாங்கப் போறதுக்கா இவ்வளவு அலங்காரம்?"

"டயர் மட்டும் இல்லம்மா. வீலோட சேர்த்து."

"அந்தக் கருப்பு வீலா?"

அவன் பெருமூச்சு விட்டான். "இல்லம்மா. அதை விட்டாச்சு."

"ஏன்?"

"அது பெருசு, வெயிட்டு. டயரும் அகலம். சார்ஜைக் குடிக்கும். இவ தினமும் மலை ஏறி இறங்கணும்ல? அதனால சின்னதே போடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"முடிவு பண்ணிட்டியா. அவகிட்ட கேட்டியா?"

"கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு? அவளுக்காகத்தானே பண்றேன்!"

சமையலறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, கழுவி வைத்த தம்ளரையே எடுத்து மறுபடி கழுவினாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாரம் தவறாமல் எழுதும் வாசகர்களில் சிலர், "மாமியார் கொடுமை எப்போது ஆரம்பம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் வரப்போவதில்லை. மாமியார் நல்லவள். கணவனும் நல்லவன், குரல் உயர்த்த மாட்டான், காய் நறுக்கித் தருவான், தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவான். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவர்களிடமிருந்து தள்ளிப் போகிறவளுக்கு நாலு பேர் துணைக்கு வருவார்கள். நல்லவர்களிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளி இருக்க வேண்டும் போலிருக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று அந்த அறையை அவள் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்தாள். எழுந்துகொள்ள மனசு வரவில்லை.

அதை வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

*

டயர்க்கடை முதலாளி கத்தித்தான் பேசுவார். நாள் முழுக்கக் காதருகே காற்றுத் துப்பாக்கி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். துப்பாக்கி நின்ற பிறகும் அவர் குரல் நிற்காது. அந்தக் கடையில் ரகசியம் பேச முடியாது.

"வாங்க சார்! பள்ளத்துல விட்டவர்தானே!"

டயர் மாற்ற வந்திருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

தரையில் ரப்பர் விரிப்பின் மேல், அவன் முன்பே விசாரித்திருந்த இரண்டு செட்டிலிருந்தும் ஒவ்வொரு வீலை எடுத்து வைத்திருந்தார்கள். ஒன்று சின்னது. சாம்பல் நிறம், முகம் முழுக்க மூடி, நடுவில் மட்டும் நாலைந்து பிளவு. வடை சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது என்று சொன்னால் சட்டி கோபித்துக்கொள்ளும். இன்னொன்று, போனில் இருந்ததே, அதே வீல். கன்னங்கரேல். ஐந்து கம்பி.

கண்ணாடிக்காரன் அதன் பக்கம் பார்க்கவே கூடாது என்று வேறு பக்கம் திரும்பி நின்றான்.

"ரெண்டும் உங்க காருக்குப் பொருந்தும்! போல்ட் ஓட்டை அளவு, நடு ஓட்டை அளவு எல்லாம் பாத்துட்டேன்!" முதலாளி குனிந்து சின்ன வீலைத் தட்டினார். "எலெக்ட்ரிக் கார்ல அடியில பேட்டரி! வெயிட்டு ஜாஸ்தி! சாதா டயர் போட்டா தாங்காது! எவ்வளவு பாரம் தாங்கும்னு பக்கத்துல அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்துத்தான் எடுத்து வச்சிருக்கேன்!"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள் அவள்.

"இது லேசு! ரப்பரும் சுலபமா உருளுற ரப்பர்! காத்து உள்ளே பூந்து இழுக்காம மூஞ்சியை மூடியிருக்கான்! சார்ஜ் மிச்சம் பிடிக்கும்! உள்ளே ஸ்பான்ஜ் ஒட்டியிருக்கு, சத்தமும் கம்மி! இன்ஜின் சத்தம் இல்லாத காராச்சே, டயர் சத்தம்தான் காதுல விழும்!"

"அது?"

"அது அழகு!" என்றார் முதலாளி. அதற்கு மேல் சொல்ல அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. பிறகு நேர்மையாகவே சேர்த்தார். "வெளிச்சுற்று ரெண்டுக்கும் ஒண்ணுதான். வீல் பெருசானா ரப்பர் மெலிசாகும். மெலிசான ரப்பர் பள்ளத்தைத் தாங்காது. ஆனா பள்ளத்துல யாரு சார் போய் விடுவா!"

நான்கு பேரும் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்ஜ் எவ்வளவு குறையும்?" என்றாள்.

"நூத்துக்குப் பத்து. பதினஞ்சுன்னும் சொல்லுவாங்க. மலையில இன்னும் கூட. நீங்க ஓட்டற தூரத்தை வச்சுக் கணக்குப் பாத்துக்கணும்!"

"கணக்கெல்லாம் இவ பாத்துப்பா," என்றான் கண்ணாடிக்காரன் பெருமையாக. "நாங்க சின்னதையே எடுத்துக்கறோம்."

சொல்லிவிட்டானே தவிர, கண் ஒரு தடவை கருப்பு வீல் பக்கம் போய் வந்தது. முதலாளி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யாரு ஓட்டப் போறது?"

"இவதான். தினமும்."

"அப்ப அவங்க சொல்லட்டும் சார்! ஓட்டறவங்க ஒருத்தர், வீல் எடுக்கறவர் ஒருத்தரா?"

அவன் மனைவி பக்கம் திரும்பினான். கடையில் கண் பரிசோதிக்கும்போது ஒரு குரல் வைத்திருக்கிறான். அவசரமே இல்லாத குரல். ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, எதிரே இருப்பவர் பதில் சொல்லும்வரை காத்திருப்பான். ஆயிரம் பேரிடம் அப்படிக் கேட்டிருப்பான். பழக்கத்தில் அந்தக் குரல்தான் வந்தது.

"இதுவா... அதுவா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவன் தன்னிடம் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. பதிலை யோசித்து வைத்துக்கொண்டு வரவில்லை அவள். கேட்ட பிறகுதான் யோசித்தாள்.

அவள் நெற்றியில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. கணக்குப் போடும்போது விழும் கோடு. மலை ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு. பிறகு கோடு மறைந்தது.

"பெருசு," என்றாள்.

"என்னது?"

"அந்தக் கருப்பு. அதையே போடச் சொல்லுங்க. உங்களுக்கு அதுதானே ஆசை."

"நிஜமாவா? தூரம்..."

"கணக்குப் போட்டுட்டேன்."

பத்துமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் ஆசை முந்திக்கொண்டது. கால்குலேட்டரே சொன்ன பிறகு மறு கேள்வி எதற்கு?

"பெருசு சார்!" என்று முதலாளியைவிட உரக்கக் கத்தினான்.

முதலாளி காது குடைந்துகொண்டார். "நல்லது! ஆனா சின்ன செட்டை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓரமா எடுத்து வைக்கறேன்! இதுல கீறல் படாம கொண்டு வந்தீங்கன்னா மாத்தித் தர்றேன்! வீட்டுக்குப் போனதும் பாதிப் பேருக்கு மனசு மாறும்!"

வேலை நடந்தது. காரைத் தூக்கினார்கள். பழைய வீல்களுக்குள் இருந்த காற்று பார்க்கும் சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்டினார்கள். ஒவ்வொன்றையும் மெஷினில் சுழல விட்டு, எந்தப் பக்கம் பாரம் குறைகிறதோ அங்கே சின்ன எடைக்கட்டி ஒட்டினார்கள். போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்கி, கடைசியில் ஒரு நீளமான ஸ்பேனரால் 'டக்' என்று சத்தம் வரும்வரை முறுக்கினார்கள்.

கண்ணாடிக்காரன் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தான். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. நெஞ்சு லேசான மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று அவளுக்கே ஆச்சரியம்.

*

வரும்போது அவள்தான் ஓட்டினாள்.

முன்னெல்லாம் சத்தமே இல்லாமல் போகும் கார் இப்போது அடியில் எங்கேயோ மெல்ல உறுமிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்காரனுக்கு அதுவும் பிடித்திருந்தது. கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் தன் கார் போவதைப் பார்ப்பதற்காகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு வந்தான்.

பழைய பள்ளம் வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"தாங்க்ஸ்," என்றான் திடீரென்று. "நான் ஆசைப்பட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்னு நினைக்கல."

அவளுக்குச் சட்டென்று கண்ணில் நீர் வந்தது. அவன் தன்னை ஏமாற்றியவளுக்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்தாள். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். அய்யோ, அங்க பாரேன்! அந்த பேங்க் கண்ணாடியில! முழுக் காரும் தெரியுது!"

அவளும் பார்த்தாள். முழுக் காரும் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதற்குள் தெருமுனை வந்துவிட்டது.

மீட்டரம்மா ஒயரோடு கேட்டில் நின்றாள்.

"எவ்வளவு மிச்சம்?"

"முதல்ல வீலைப் பாரும்மா!" என்று குதித்து இறங்கினான் மகன்.

மருமகள் மிச்சத்தைச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி விட்டு நேரே உள்ளே போனாள். பின்கட்டில் காய்ந்த துணிகளை எடுக்கும் சத்தம் கேட்டது.

மீட்டரம்மா சக்கரங்களைச் சுற்றி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். காலையில் போகும்போது எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியும். கடைக்குப் போக வழக்கமாக எவ்வளவு ஆகும் என்றும் தெரியும். விரலால் திரையைத் தள்ளி, முழுச் சார்ஜில் எத்தனை தூரம் ஓடும் என்று கார் சொல்வதைப் படித்தாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"என்னடா இது?"

"என்னம்மா?"

"இதை வச்சு மலைக்கு அந்தப் பக்கம் போகலாம். திரும்பி வர்றப்ப பாதி ஏத்தத்துல நின்னுடும்."

"புதுசு இல்லையா? ஓட ஓடச் சரியாயிடும்மா."

"மலை அப்படியேதான்டா இருக்கும்."

"இல்லம்மா, இதை எடுக்கச் சொன்னதே அவதான். கணக்குப் போட்டுட்டுத்தான் சொன்னா."

"அப்ப கணக்கு எங்கேயோ தப்பிருச்சு."

"அவ கணக்கா? அவ கணக்கு ஒரு நாளும் தப்பாதும்மா. நீயே..."

அவன் அங்கேயே நிறுத்தினான்.

ஒரு கை புது வீலின் மேல் இருந்தது. மெதுவாக எடுத்தான். அம்மாவைப் பார்த்தான். மீட்டரம்மா அவனைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ விஷயம் தெரிந்துகொண்டு, தெரியாதது போலத் திரும்பி வந்தவள். சொந்த வீட்டில் அது அத்தனை சுலபமாக இல்லை.

"உள்ளே போ," என்றாள் மகனிடம். "போய் உக்காந்து பேசு. கத்தாதே."

"நான் எப்பம்மா கத்தியிருக்கேன்?"

*

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து மடித்தான். கோணலாக வந்தது.

"அந்த ரூமை எடுத்துக்கப் போறியா?"

அவள் கை நின்றது. "எடுத்துக்கணும்னு தோணுது."

"வாரம் பூரா அங்கேயா?"

"ஆமா. லீவுக்கு வருவேன்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. நெஜமாவே ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் ஏன்?"

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். கணக்குப் போடும் கோடு நெற்றியில் விழவில்லை. மெதுவாக, வார்த்தை வார்த்தையாக வந்தது.

"காலையிலேர்ந்து லேப்ல நின்னுட்டு சாயங்காலம் வர்றேன். கேட்ல அத்தை கேக்கறாங்க, எவ்வளவு மிச்சம்னு. உள்ளே வந்தா நீங்க கேக்கறீங்க, எவ்வளவு மிச்சம்னு. எல்லாம் காரைத்தான். அப்புறம் உங்க கடைக் கதை, அத்தையோட தெருக் கதை. ரெண்டும் எனக்குப் பிடிக்கும். சிரிக்கறேன். ஆனா ஒரு நாளும் யாரும் என்னைக் கேட்டதில்ல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"ஒண்ணுமே மிச்சம் இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

நிலைப்படியில் மீட்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒயரை உள்ளே வைக்க வந்தவள். காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அழுகிற ஆள் இல்லை அவன். ஆனால் முகம் அப்படித்தான் இருந்தது.

"இன்னிக்குக் கேட்டேனே," என்றான் சின்னக் குரலில். "இதுவா அதுவான்னு."

"கேட்டீங்க. அதனாலதான் சொல்ல முடிஞ்சுது." அவள் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். "வாயால சொல்லியிருக்கணும். வீலை வச்சுச் சொன்னது தப்புதான்."

சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுத்துக் காதில் வைத்ததும், காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"சார்! டயர்க்கடை! அந்தச் சின்ன செட்டைக் கேட்டு வேற ஒருத்தர் வந்து நிக்கறாரு! உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்! கொடுத்துடவா, வைக்கவா?"

மூன்று பேருக்கும் கேட்டது. துணிகளுக்கே கேட்டிருக்கும்.

வைங்க என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான். போனை அவளிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி."

அவள் போனை வாங்கினாள். மாமியாரைப் பார்த்தாள், கணவன் மடித்த கோணல் துண்டைப் பார்த்தாள்.

"சார், கொடுத்துடாதீங்க," என்றாள். "எடுத்துக்கறேன்னும் சொல்லலை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்."

"அவரு நிக்கறாரும்மா! கணக்குப் போட்டுப் பாத்துட்டீங்களா இல்லையா?"

"இல்ல சார்," என்றாள். "இன்னும் போடலை."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். மீட்டரம்மா ஒயரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து, கோணல் துண்டை எடுத்து உதறி, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் காருக்குச் சார்ஜ் போட யாருக்கும் நினைவு வரவில்லை.